ஓடும் முன் நிற்க வேண்டும்

பல ஆண்டுகள் கொட்டகையில் கிடந்த ஒரு பழைய கார் வீட்டுக்கு வந்து சேர்ந்தால், பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "இன்ஜின் ஓடுமா?" என்பதைத்தான். வாங்கியவருக்கும் அதே ஆவல் இருக்கும். ஒரு பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருகிப் பார்க்காமல் அன்றிரவு தூக்கம் வராது. ஆனால் பழைய கார்களை வீட்டிலேயே பிரித்துச் சீர்செய்து பழகிய எனக்கு, வேலையைத் தொடங்க வேண்டிய இடம் இன்ஜின் அல்ல, பிரேக் என்பதில் எள்ளளவும் ஐயமில்லை. இன்ஜின் உயிர்பெற்ற மறுகணமே தெருமுனை வரையாவது ஓட்டிப் பார்க்கத் தோன்றும். அந்த ஆசையை அடக்குவது கடினம் என்பதால், அது எழும் முன்பே பிரேக்கை முடித்துவிடுவது நல்லது.

1960கள் வரை வந்த கார்களில் பெரும்பாலானவற்றுக்கு நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து ஒரே பிரேக் லைன்தான், அதாவது மிதியின் அழுத்தத்தை ஆயில் வழியே சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் ஒரே குழாய்த்தொடர். எங்காவது ஓரிடத்தில் கசிந்தால் நான்கு சக்கரங்களிலும் பிரேக் போய்விடும். பிறகு கைபிரேக்கை நம்பித்தான் காரை நிறுத்த வேண்டும். கிளைகால் (glycol) என்ற வேதிப்பொருளை அடிப்படையாகக் கொண்ட வழக்கமான பிரேக் ஆயிலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. டாட் 3 (DOT 3) என்ற தரத்துப் புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி, ஏறக்குறைய 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த பின் அதே விதி 140 டிகிரியே போதும் என்று தளர்ந்துவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறினால் அந்த நீர் ஆவியாகி, அழுத்த அழுத்த மிதி தரைவரை போய்விடும்.

நின்றுகிடந்த காரில் அதே ஈரம் வேறொரு கேட்டையும் செய்திருக்கும். ஆயிலின் அழுத்தத்தால் சக்கரத்தில் பிரேக்கைப் பிடிக்கவைக்கும் வீல் சிலிண்டரைக் கழற்றி, ரப்பர் உறையை விலக்கி, பிஸ்டனை வெளியே தள்ளிவிட்டு, துளைக்குள் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். பிஸ்டன் அசையாமல் நின்ற இடத்தில் பழுப்பு வளையமும், அதன் கீழ்ப்பாதியில் ஊசி குத்தியதுபோன்ற குழிகளும் தெரியும். நீர் அடியில் தங்குவதால்தான் கீழ்ப்பாதி அதிகம் அரித்திருக்கிறது. விரலால் தடவும்போது நகத்தில் தட்டாத கறையானால் மெல்லிய உப்புத்தாளைப் பிரேக் ஆயிலில் நனைத்துத் தேய்த்து எடுத்துவிடலாம். நகம் சிக்கும் குழியானால், புதிய ரப்பர் சீலைப் போட்டாலும் சில வாரங்களில் அந்தக் குழியே அதைக் கிழித்துவிடும். சிலிண்டரை மாற்றுவதோ, உள்ளே உலோக உறை போட்டுத் துளையைப் புதுப்பிப்பதோதான் வழி. ரப்பர் ஹோஸ்களை வெளித்தோற்றம் எப்படி இருந்தாலும் மாற்றிவிடுகிறேன். அவை உட்புறமாக வீங்கினால் ஆயில் சக்கரத்துக்குப் போகும், ஆனால் திரும்பி வராது. காலை எடுத்த பின்னும் பிரேக் பிடித்தபடியே இருக்கும்.

சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம்மைக் கழற்றும்போது உள்ளிருக்கும் கரும்பொடியைக் காற்றடித்து ஊதக் கூடாது. டிரம்மை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் அக்காலத்து பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. முகமூடி அணிந்து, நீர் தெளித்து நனைத்து, துணியால் துடைத்து எடுக்க வேண்டும். ஜாக்கி காரைத் தூக்குவதற்கு மட்டுமே. உறுதியான ஸ்டாண்டுகள் தாங்கும் வரை காருக்கு அடியில் ஒரு கையைக்கூட நீட்ட வேண்டாம்.

பிரேக் முடிந்த பின் இன்ஜினுக்கு வரலாம். பல ஆண்டுகள் நின்ற இன்ஜினில் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கக்கூடும். ஸ்டார்ட்டரைப் போடுவதும், வேறொரு வண்டியால் இழுத்துச் சுற்றவைப்பதும் வளையங்களை உடைக்கும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, துருவைத் தளர்த்தும் எண்ணெயை ஒவ்வொரு சிலிண்டரிலும் ஊற்றி, நாள்கணக்கில் ஊறவிட வேண்டும். பிறகு இன்ஜினின் சுழல்தண்டான கிராங்கின் முனையிலுள்ள நட்டில் நீண்ட கைப்பிடியுள்ள ஸ்பேனரை மாட்டி, முன்னும் பின்னுமாக மயிரிழை அளவு அசைத்துப் பார்க்க வேண்டும். அசைந்தால் அன்றைக்கு அது போதும். முழுச்சுற்று வந்த பின், அடியில் இறங்கியிருக்கும் அந்த எண்ணெயோடு இன்ஜின் ஆயில் முழுவதையும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும்.

ஸ்பேனர் என்றதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழைய பிரிட்டிஷ் கார்களில், ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்வைத்த அளவுமுறையைப் பின்பற்றும் போல்ட்டுகள் நிறைய இருக்கும். அந்த ஸ்பேனரில் பொறித்திருக்கும் எண் போல்ட்டின் தண்டு விட்டத்தைக் குறிப்பது. தலையின் அகலத்தை அல்ல. கிட்டத்தட்டப் பொருந்துகிறதே என்று மெட்ரிக் ஸ்பேனரைப் போட்டால் தலையின் முனைகள் மழுங்கிப்போகும். அதன் பிறகு அந்த போல்ட்டை எடுப்பதே தனி வேலையாகிவிடும்.

பற்றவைப்பு அமைப்பு எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஏனெனில் அங்கே நடப்பதை வெறுங்கண்ணால் பார்க்க முடியும். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தால், திறந்து மூடி மின்னோட்டத்தைத் துண்டிக்கும் பாயிண்ட் தெரியும். பாயிண்டின் குதி, அதைத் திறக்கும் மேடுள்ள சுழலியான கேமின் உச்சியில் ஏறி நிற்கும்வரை இன்ஜினைக் கையால் சுற்றி, பாயிண்டின் இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடுகளால் அளக்க வேண்டும். பல கார்களில் அது 0.4 மில்லிமீட்டருக்கு அருகில் இருக்கும். இடைவெளியைக் கூட்டினால் பாயிண்ட் முன்னதாகவே திறக்கும், தீப்பொறி விழும் நேரமான டைமிங்கும் முன்னே போகும். ஆகவே இடைவெளியை முதலிலும் டைமிங்கை அதன் பிறகும் சரிசெய்வதே முறை. பாயிண்டுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் சாதனம் பொருத்துவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கழற்றிய பாயிண்டையும் கண்டன்சரையும் பெயரெழுதிய டப்பாவில் போட்டுக் காரிலேயே வைத்திருக்க வேண்டும்.

பெட்ரோலும் அன்றிருந்தது இல்லை. ஈயச் சேர்மம் இன்ஜின் தட்டுவதைத் தடுக்கும் என்று 1921இல் கண்டறியப்பட்டது. அதிலிருந்து சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 2021இல், அல்ஜீரியாவில் விற்பனை நின்றதோடு கார்களுக்கான ஈயப் பெட்ரோல் உலகெங்கும் முடிவுக்கு வந்தது. அது போனது மக்களின் உடல்நலத்துக்குப் பெரும் நன்மை. ஆனால் அந்த ஈயம் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வு அமரும் விளிம்பான வால்வு சீட்டில் படலமாகப் படிந்து தேய்மானத்தைத் தடுத்தும் வந்தது. எனவே சிலிண்டர் ஹெட்டை எப்படியும் கழற்ற நேர்ந்தால், கடினமாக்கிய வால்வு சீட்டுகளை அப்போதே பொருத்திவிடுவது புத்திசாலித்தனம். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைக் கெடுக்கும் என்பதால் எரிபொருள் ஹோஸ்களையும் கார்புரேட்டர் கேஸ்கட்டுகளையும் கூடவே மாற்ற வேண்டும்.

பாடி வேலையை விரிவாக எழுத இங்கே இடமில்லை. கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் 'சில்' என்ற பகுதி துருப்பிடித்து அதை வெட்டும் முன், கதவுத் திறப்பின் குறுக்கே தற்காலிகக் கம்பிகளை வெல்டிங் செய்து இறுக்காவிட்டால், பாடியே சற்றுத் தொய்ந்து பிறகு கதவு மூடாது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

பெயிண்டைக் கடைசியில்தான் தொடுகிறேன், பல கார்களில் தொடுவதே இல்லை. பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா 2012இல் ஏற்ற டூரின் சாசனம், இயன்றவரை உள்ளதைக் காப்பதற்கே முதலிடம் தருகிறது. எனக்கும் அதே எண்ணம்தான். மங்கிய பெயிண்டைப் பாலிஷ் போட்டு மீட்க முடிந்தால் அதைச் சுரண்டி எடுக்க எனக்கு மனம் வராது. புதிய தகடு வைத்த இடத்தில் மட்டும் நிறம் பொருத்தி அடிக்கிறேன். எந்தத் தகடு புதிது, எந்த சிலிண்டர் மாற்றப்பட்டது, எந்த ஒயர் அசல் என்பதையெல்லாம் படங்களோடு ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். கார் கைமாறும் நாளில் அந்த நோட்டும் அதனுடன் போகும்.