கலிஃபோர்னியா ஹெச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) தகராறு: கோர்ட்டுக்கு முன்னால் செய்ய வேண்டியவை

சங்கத்தின் மேனேஜரிடம் போனில் கத்துவது வீண். எழுத்தில் இல்லாதது நடக்காததற்குச் சமம். முதலில் சி.சி.அண்ட்.ஆர். என்ற சங்க விதிமுறை ஆவணத்தை எடுத்து, சங்கம் உங்களுக்கு அனுப்பிய நோட்டீஸில் சொன்ன விதி அங்கே நிஜமாகவே இருக்கிறதா என்று பாருங்கள். கணக்குப் பதிவுகளை எழுதிக் கேளுங்கள். நடப்பு நிதியாண்டுக்கானவை 10 வேலை நாட்களில் கிடைக்க வேண்டும், முந்தைய 2 ஆண்டுகளுக்கானவை 30 நாட்களில்.

அடுத்தது ஐ.டி.ஆர்., அதாவது சங்கத்தோடு நேரில் உட்கார்ந்து பேசித் தீர்க்கும் முறை. 'மார்ச் 3 தேதியிட்ட வேலி நோட்டீஸ் பற்றி நேரில் பேச வேண்டும்' என்று ஒரு வரி எழுதினால் போதும். நீங்கள் கேட்டால் சங்கம் மறுக்க முடியாது. சங்கம் கேட்டால் நீங்கள் மறுக்கலாம். கட்டணம் இல்லை. ஒத்துக்கொண்டதை எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடாமல் எழுந்து வராதீர்கள். போர்டு மாறினால் வாய்ப்பேச்சு காற்றோடு போய்விடும்.

அதிலும் தீராவிட்டால் மத்தியஸ்தம். சிவில் கோட் 5935 பிரிவின்படி கோரிக்கை அனுப்புங்கள். பிரச்சினையின் சுருக்கமும், 30 நாளில் பதில் வராவிட்டால் மறுத்ததாகக் கொள்ளப்படும் என்ற அறிவிப்பும் அதில் இருக்க வேண்டும். பலரும் கோட்டை விடுவது இந்த அறிவிப்பில்தான். சம்மதித்தால் 90 நாளில் முடிக்க வேண்டும். ஒரு தரப்பு காரணமின்றி மறுத்திருந்தால், பிறகு வழக்கில் வக்கீல் செலவுத் தொகையை முடிவுசெய்யும்போது நீதிபதி அதையும் கணக்கில் எடுக்கலாம்.

ஸ்மால் கிளெய்ம்ஸ் (சிறு தொகை) கோர்ட் வழக்குக்கு, முன்னதாக மத்தியஸ்தத்துக்கு முயல வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. தனிநபருக்கு அங்கே உச்சவரம்பு 12,500 டாலர்.

கோபத்தில் மாதச் சந்தாவை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். வீட்டின் மேலேயே லீன் (பாக்கிக்காகச் சொத்தின் மேல் பதியும் உரிமை) போட்டுவிடுவார்கள். ஆட்சேபம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள்.