மேல்காற்றுக்கு அடங்கும் திரைச்சீலை: இதுவரை நடந்தது

செங்கோட்டையில் ஆனி, ஆடி வந்தால் மேற்குச் சன்னலில் எந்தத் திரையும் நிற்காது. அந்தச் சன்னலுக்கு லைனிங் (பின்பக்க உள்துணி) வைத்த பிஞ்ச் பிளீட் திரை, அதாவது மேல் விளிம்பில் கிள்ளிப் பிடித்தது போன்ற மடிப்புகள் உள்ள திரை, தைத்துக்கொண்டிருக்கிறேன்.

துணி, கண்ணூர் கைத்தறி. புனலூரில் எடுத்தேன். 1956 வரை எங்கள் ஊரே திருவிதாங்கூரில்தான் இருந்தது. துணிமணிக்கு ஆரியங்காவு தாண்டிக் கேரளத்துக்குப் போவது எங்கள் வீட்டில் இன்னும் உண்டு. கண்ணூரின் வீட்டு அலங்காரத் துணிகளுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. நான் எடுத்ததில் பாவும் ஊடையும் நெருக்கமாக இருப்பதால் மடிப்பு விறைப்பாக நிற்கிறது. வெட்டும் முன் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்தேன். பருத்தி சுருங்கும், அது தைப்பதற்கு முன்பே சுருங்கிவிடட்டும்.

திரையின் அழகு துணியின் விலையில் இல்லை, ஃபுல்னெஸில், அதாவது துணியின் தாராளத்தில், இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். கம்பியின் நீளத்தைப் போல இரண்டு மடங்காவது துணியின் அகலம் வேண்டும். என் கம்பி 60 அங்குலம், துணியின் அகலம் 48. ஆக மூன்று அகலம், பக்கத்துக்கு ஒன்றரை. அரை அகலத்தைச் சுவர்ப் பக்கம் வைத்தால் இணைப்புத் தையல் கண்ணில் படாது. உயரம் 84, பக்ரம் (மேல் விளிம்பை விறைப்பாக்கும் பட்டை) வைத்து மடிக்க 4, கீழே இரட்டை மடிப்புக்கு 8, சுருக்கத்துக்கு 4; மொத்தம் 100. மூன்று அகலத்துக்கு 300 அங்குலம், அதாவது ஏறக்குறைய 7.6 மீட்டர்.

ஓரம் அடித்தபின் ஒரு பக்கம் 66 அங்குலம் வந்தது. அது 30 அங்குலத்துக்குள் அடங்க வேண்டும். ஒன்பது பிளீட், ஒவ்வொன்றும் 4 அங்குலம் எடுக்கும். இடையில் எட்டு இடைவெளி, மூன்றரை அங்குலம் வீதம். இரு ஓரத்திலும் ஒவ்வொரு அங்குலம். கணக்கு சரியாக உட்கார்ந்தபோது அவ்வளவு சந்தோஷம்! பிளீட்டின் அடியை மட்டும் கையால் தைத்தேன், மெஷின் தையல் அங்கே முரட்டுத்தனமாகத் தெரியும்.

லைனிங்கைக் கீழே திரையோடு சேர்த்துத் தைக்கவில்லை. ஓர் அங்குலம் குட்டையாகத் தனியே தொங்குகிறது. இரண்டு துணியும் ஈரத்தில் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. சேர்த்துத் தைத்தால் கீழ்ப்பகுதி சுருட்டிக்கொள்ளும்.

இப்போது திரை கம்பியில் தொங்குகிறது, கீழ் மடிப்புக்குக் குண்டூசி மட்டும்தான். துணி தன் எடையில் இறங்கி முடித்த பிறகே அதைத் தைக்க வேண்டும். மூலைகளில் எடைக்காக வைக்க பித்தளை வாஷர்களைத் துணியில் பொதிந்து வைத்திருக்கிறேன்; இரும்பு என்றால் சாரலில் துருவேறித் துணியில் கறை இறங்கும். அப்புறம் திரையை ஒதுக்கிக் கட்டும் டை-பேக் பாக்கி, அதற்கு மிச்சத் துணியே போதும்.