நம்பர் சரிதான் தம்பி

"அண்ணே, நம்பர் என்ன சொல்லுது?" என்று கேட்டேன்.

"நம்பர் சரிதான் தம்பி" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. அனுப்பலாம் என்று நான் கையெழுத்துப் போட்டேன். தைப்பூச விடுமுறைக்கு முன்னால், எடையை மின்னளவாக மாற்றித் தரும் லோட் செல்கள் நாற்பதும் பினாங்கின் பாயான் லெப்பாஸை விட்டுக் கிளம்பின.

அவர் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. நாலு செல்லை ஏர்கோன் அறையிலிருந்து எடுத்து, பின்பக்க ஸ்டோரில் ரெண்டு நாள் வைத்துப் பார்ப்போம் என்றார். ஏன் என்றதற்கு, "சீரோ நிக்க மாட்டேங்குது, ஒரே பக்கமா நகருது" என்றார். சீரோ என்றால் எடை ஏதும் இல்லாதபோது செல் காட்டும் அளவு. 20 நிமிடத்தில் நகர்ந்தது, செல்லுக்குக் கொடுக்கும் ஒரு வோல்ட்டுக்கு 0.2 மைக்ரோவோல்ட். சீரோவுக்கு எங்கள் வரம்பு 20. மின்கசிவைப் பார்க்கும் மெகர் 50 வோல்ட்டில் 5,000 மெகாஓமுக்கு மேல் காட்டியது. ஓவனிலிருந்து எடுத்த சூடு இன்னும் ஆறவில்லை, அதுதான் நகர்கிறது என்று நினைத்தேன். சூட்டால் நகர்ந்தால் போகப் போக அடங்கும். இது அடங்கவில்லை என்பதைத்தான் அவர் பார்த்திருக்கிறார்.

ஏழு வாரம் கழித்து ஆறு செல் திரும்பி வந்தன. செபராங் பிறையில் ஒரு தீவன ஆலைத் தொட்டியின் அடியில் இருந்தவை. மேலே பூசிய சிலிக்கோனைக் கத்தியால் சீவி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தோம். எடையால் செல் வளைவதை உணரும் கேஜின் இரண்டு சோல்டர் முனைகளுக்கு நடுவே, உப்புத் தண்ணீர் காய்ந்த தட்டின் ஓரம்போல வெள்ளையாக ஒரு படலம். சோல்டர் வைக்கும்போது பூசி, கழுவியும் போகாத ஃப்ளக்ஸ். அதைக் கழுவும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் திறந்த கிண்ணத்தில் நாள் முழுக்க வைத்திருந்தோம். நம் ஊர் ஈரக் காற்றில் அது தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பத்துச் செல் கழுவியபின் அந்தக் கிண்ணம் அழுக்கை எடுப்பதில்லை, இங்கிருந்து அங்கே பூசுகிறது.

மெகர் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? அது எல்லா வயரையும் ஒன்றாகச் சேர்த்து, அங்கிருந்து செல்லின் உடம்புக்குத்தான் அளக்கிறது. முனைக்கும் முனைக்கும் நடுவே 350 ஓம் கேஜே குறுக்கே உட்கார்ந்திருக்கும்போது, பக்கத்தில் 100 மெகாஓம் கசிவு இருந்தாலும் ஓம் மீட்டருக்குத் தெரியாது. நாலு கேஜைக் கோத்த பிரிட்ஜ் சுற்றுக்குத் தெரியும். அதில் ஒரு கேஜுக்குக் குறுக்கே 100 மெகாஓம் கசிந்தால் சீரோ வோல்ட்டுக்கு ஏறத்தாழ 0.9 மைக்ரோவோல்ட் நகரும். முழு எடையில் வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட் தரும் செல்லில், அதை 3,000 பிரிவாகப் பிரித்தால், ஒரு பிரிவே 0.67 மைக்ரோவோல்ட்தான். சிலிக்கோன் நீராவியைத் தடுப்பதும் இல்லை. உலர்ந்த அறையில் படலம் சும்மா கிடக்கும், ஈரம் ஏறினால் கடத்த ஆரம்பிக்கும்.

ஆக, நான் கேட்ட நம்பர் வேறொரு பாதையின் நம்பர். அவர் பார்த்துக்கொண்டிருந்த பாதைக்கு எங்கள் தாளில் கட்டமே இல்லை.

ஆனாலும் மனசுக்குத் தோன்றுகிறது என்பதற்காக சேர்த்துச் செய்யும் ஒவ்வொரு லாட்டையும் நிறுத்த முடியுமா? அதற்கு முந்தின மாதம் அவர் சொல்லி 15 செல்லை நிறுத்தினோம், ஒன்றும் கிடைக்கவில்லை. இன்னொன்றும் உண்டு. அதே லாட்டில் மிஞ்சிய ஒரு செல்லைப் பிறகு ஸ்டோரில் வைத்துப் பார்த்தேன். முதல் ரெண்டு நாள் அரைப் பிரிவைத் தாண்டவில்லை. நாலாம் நாள்தான் ரெண்டு பிரிவு நகர்ந்தது. அவர் கேட்டபடி ரெண்டு நாள் கொடுத்திருந்தாலும் லாட் போயிருக்கும் என்று இதை வைத்து எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஆனால் ரெண்டாம் நாள் அந்த அரைப் பிரிவைப் பார்த்துவிட்டு அவர் விட்டிருப்பாரா? விட்டிருக்க மாட்டார்.

இப்போது மூன்று கிண்ணம், லாட்டுக்கு லாட் புது ஆல்கஹால், கடைசிக் கழுவல் பீச்சுப் பாட்டிலில். லாட்டுக்கு நாலு செல் 40 டிகிரியில், 85 சதவீத ஈரப்பதத்தில் ஐந்து நாள். நல்ல நடைமுறைதான்.

அவரும் இப்போதெல்லாம் தாளோடுதான் வருகிறார். நேரம், சீரோ, அறை வெப்பம் என்று மூன்று வரிசை, சுத்தமான கையெழுத்தில். போன வாரம் ஒரு தட்டுச் செல்லை விளக்கடியில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னண்ணே?" என்றேன்.

"இன்னும் நம்பர் எடுக்கல தம்பி" என்றார்.