டிரம் கார்ப்ஸ்: ஜெயித்தாலும் கடன்தான்

பித்தளை ஊதுகருவிகளும் டிரம்மும் வாசித்தபடி மைதானத்தில் அணிவகுத்துப் போட்டியிடும் குழுக்கள்தான் டிரம் கார்ப்ஸ். அமெரிக்காவில் அவற்றின் ரசிகர்களிடம் இப்போது மார்க்கைவிட வரவு செலவுப் பேச்சுதான் அதிகம். 2018-ல் டிசிஐ (இந்தப் போட்டிகளை நடத்தும் அமைப்பு) பட்டம் வாங்கிய சாண்டா கிளாரா வேன்கார்ட் குழு பணமில்லாமல் 2023 சீசனையே விட்டுவிட்டது, நல்லவேளை அடுத்த வருடம் திரும்பியது. 1934-ல் தொடங்கிய கேடட்ஸ் குழுவோ திரும்பவே இல்லை. பத்து முறை சாம்பியன், பழைய வழக்கு ஒன்றின் சுமையில் 2024-ல் இழுத்து மூடிவிட்டார்கள். வயது வரம்பில்லாத குழுக்களுக்காக 1960களிலிருந்து தனியாக நடந்த டிசிஏ அமைப்பும் டிசிஐக்குள் போய், அந்தக் குழுக்கள் அங்கே ஒரு பிரிவாகிவிட்டன. நிர்வாகத்துக்கு நல்லது, சரி. ஆனால் கோடை முழுக்க பஸ்ஸில் சுற்றி, பள்ளிக்கூடத் தரையில் படுத்துத் தூங்கி வாசிக்கிற பிள்ளைகள்தான் அதற்கு ஆயிரக்கணக்கில் டாலரும் கட்டுகிறார்கள். அதை யார் குறைக்கப் போகிறார்கள்? 2025-ல் பாஸ்டன் க்ரூசேடர்ஸ் குழு முதல்முறையாக டிசிஐ பட்டம் ஜெயித்தது மட்டும் எனக்குப் பெரிய சந்தோஷம்.