ஏழு மூணு இருபத்தொண்ணு

மேஜிக் த கேதரிங் என்ற சீட்டு விளையாட்டை ஆடுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. தான் பொறுக்கிச் சேர்த்த சீட்டுக்கட்டை, அதாவது டெக்கைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். "இந்தக் கார்டு களத்துக்கு வரும்போது அந்தக் கார்டு செத்திருக்கணும், அப்போ மூணாவது கார்டு எழுந்து வந்து..." என்று போகும். கேட்பவரும் தலையாட்டிக்கொண்டே தன் டெக்கைச் சொல்லச் சமயம் பார்த்துக்கொண்டிருப்பார்.

எனக்கு முதல் பரிசு வாங்கித் தந்த டெக்கில் அப்படிச் சொல்ல ஒன்றுமே இல்லை. எதிராளிக்கு 20 உயிர். கார்டு போட மனாதான் காசு. லைட்னிங் போல்ட் என்ற கார்டு ஒரு சிவப்பு மனாவுக்கு 3 உயிரை எடுக்கும். லாவா ஸ்பைக்கும் அதே விலை, அதே அடி. தொடக்கத்தில் கைக்கு வருவது 7 கார்டு. ஏழு மூணு இருபத்தொண்ணு. ஒன்று மிச்சம் வேறு!

டெக் கட்டியது நானும் நண்பனும். கட்டியது என்பதைவிட, நான் வைக்க வைக்க அவன் எடுத்தான் என்பதுதான் சரி. நான் ஆசை ஆசையாகச் சேர்த்தவை டெக்குக்கு வேண்டிய 60-ஐத் தாண்டி எங்கோ போய்விட்டன. அவன் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பான். "அழகா இருக்கு. வேணாம்." அடுத்தது. "ரொம்ப அழகா இருக்கு. வேணவே வேணாம்."

மனா தரும் கார்டான லேண்ட் விஷயத்தில் பெரிய சண்டை. நான் 24 கேட்டேன். 24 வைத்தாலும் ஏழில் ஒரு தடவை முதல் கையில் ஒரு லேண்டோ, அதுவும் இல்லாமலோதான் வரும். 20 ஆகக் குறைத்தால் அது நாலில் ஒரு தடவையாகிவிடும். இந்த விளையாட்டை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்ட் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர், வேறெப்படி இருக்கும்? நண்பன் அசரவில்லை. "ஒரு மனா, ரெண்டு மனா கார்டா வச்சிருக்கோம். மீதி லேண்டை என்ன, வாடகைக்கா விடப் போற?" 20-தான்.

அப்புறம் ஷிவன் டிராகன். 1993-ல் வந்த முதல் தொகுப்பிலேயே லைட்னிங் போல்ட்டோடு பிறந்தது. போல்ட் அப்போது சாதாரணக் கார்டு, டிராகன் அரிய கார்டு. 6 மனா, 5/5 (5 அடி அடிக்கும், 5 அடி தாங்கும்), பறக்கும், சிவப்பு மனா ஊற்ற ஊற்ற இன்னும் பலமாகும். படத்தைப் பார்த்தாலே போதும், தோற்றாலும் பரவாயில்லை என்று தோன்றும். நண்பனுக்குத் தோன்றவில்லை.

"ஆறு லேண்ட் வர்றதுக்குள்ள ஒண்ணு அவன் செத்திருப்பான், இல்ல நீ செத்திருப்ப. ரெண்டுலயும் இதுக்கு வேலை இல்ல."

ஆட்டங்களுக்கு நடுவே மாற்றிக்கொள்ளும் உதிரிக் கார்டுகள்தான் சைடுபோர்டு. அதில் 15 இடம். 14-க்கு நண்பன் காரணத்தோடு ஆள் போட்டான். 15-ஆவது இடத்தில் டிராகனை வைத்தேன். கட்சித் தலைவரின் மச்சானுக்கு வாரியத்தில் ஒரு நாற்காலி கொடுப்பதுபோல. வேலை எதுவும் கிடையாது, வந்து உட்கார்ந்தால் போதும்.

போட்டியில் எனக்குப் பிடித்தது ஓய்வு நேரம். ஒரு சுற்றுக்கு 50 நிமிடம். மூன்றில் இரண்டு ஆட்டம் ஜெயித்தால் போதும். என் சுற்று பெரும்பாலும் கால் மணி நேரத்தைத் தாண்டவில்லை. அதற்குமேல் அடுத்தவர் ஆட்டங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு திரியலாம். நீல டெக்காரர்கள் ஒரு லேண்டை வைக்க நெற்றியைத் தேய்க்கும் அழகே தனி.

எதிராளிகள் முகம்தான் பார்க்க முடியவில்லை. ஒருவர் தன் காம்போ, அதாவது சில கார்டுகள் கூட்டாகச் செய்யும் வித்தை, எப்படி வேலை செய்யும் என்று பக்கத்து மேஜைக்காரருக்கு உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு மிச்சம் 2 உயிர். பாதி வாக்கியத்தில் போல்ட்டை வைத்தேன். "முடிச்சிட்டுப் போட்டிருக்கலாம்" என்றார். வாக்கியத்தையா, காம்போவையா என்று கேட்கவில்லை.

இறுதிச் சுற்றில் வெள்ளை-நீலக் கட்டுப்பாட்டு டெக், எதிராளியைத் தடுத்துத் தடுத்தே ஜெயிக்கப் பார்க்கும் வகை. மூன்றாவது ஆட்டம். அவருக்கு 5 உயிர், 4 லேண்ட். என்னிடம் 3 லேண்ட், கையில் ஸ்கல்க்ராக்கும் ஒரு போல்ட்டும். கூட்டினால் 6. ஆனால் அவர் இரண்டு நீல மனாவைத் திறந்து வைத்திருக்கும்வரை நான் போடும் கார்டைச் செல்லாமல் ஆக்கும் கவுன்ட்டர்ஸ்பெல் வரும் என்று பயம். உலகத்திலேயே பொறுமையில்லாத டெக்கை வைத்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் அவரே 3 மனா செலவழித்து டைம்லி ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்ஸ் போட்டார். 6 உயிர் கூடும், மூன்று சிப்பாய்கள் வருவார்கள். அவரிடம் மிச்சம் ஒரே லேண்ட். அது பலிக்கும் முன்பே பதிலுக்கு ஸ்கல்க்ராக்: 3 அடி, இந்த முறை யாருக்கும் உயிர் கூடாது. அதன்மேல் போல்ட். சிப்பாய்கள் வந்து சேரவே இல்லை.

கை குலுக்கிவிட்டு என் டெக்கைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். சைடுபோர்டில் 15-ஆவது கார்டில் நின்றார்.

"ப்ரோ, இது எந்த டெக்குக்கு எதிரா?"

ஜெயித்தவன் என்ன சொன்னாலும் எடுபடும் நேரம் அது. "ஆட்டம் நீளமா போச்சுன்னா. அவங்க கவுன்ட்டர் எல்லாம் தீர்ந்த பிறகு இறக்கணும்" என்றேன். பின்னால் நண்பனுக்கு இருமல் வந்துவிட்டது. சுற்றி நின்றவர்களில் ஒரு பையன் போனில் குறித்துக்கொண்டான்.

அடுத்த போட்டியில் அந்தப் பையனே எனக்கு எதிராளி. கிட்டத்தட்ட என் டெக்கேதான். அவனுக்கு லேண்ட் மூன்றைத் தாண்டவில்லை, முடித்துவிட்டேன். கையை விரித்துக் காட்டினான். இரண்டு ஷிவன் டிராகன்.

"ஆட்டம் நீளமா போகலண்ணா" என்றான்.