ஆன்டிகனியின் 21 வரிகள்: ஆறு வாரம் மொழிபெயர்த்துப் பார்த்தது

கிரேக்கம் ஓரளவு பிடிபட்டதும் நான் கைவைத்தது சோஃபக்ளிஸின் ‘ஆன்டிகனி’யில். கி.மு. 441 வாக்கில் ஏதென்ஸில் மேடையேறிய நாடகம், மொத்தம் 1353 வரிகள். தீப்ஸ் நகரின்மேல் படையெடுத்து வந்து மாண்ட போலினைகஸை யாரும் அடக்கம் செய்யக்கூடாது என்கிறான் அரசன் கிரியோன். போலினைகஸின் தங்கை ஆன்டிகனி அந்த உடல்மேல் மண் தூவுகிறாள், பிடிபடுகிறாள். அவள் அரசன் முன் நின்று பேசும் 450 முதல் 470 வரையுள்ள வரிகளை எடுத்துக்கொண்டேன்.

முதல் இரண்டு வாரம் எல்லா இடத்திலும் ‘சட்டம்’ என்றே போட்டேன். அரசின் சட்டம், தெய்வத்தின் சட்டம். படிக்கச் சரளமாகத்தான் இருந்தது, ஆனால் உயிர் இல்லை. மூலத்தில் ‘இந்தச் சட்டங்களை மீறத் துணிந்தாயா?’ என்று கேட்பவன் கிரியோன். அவன் சொல் நோமோஸ். அவளோ அதைக் கெரூக்மா ஆக்கிவிடுகிறாள். கட்டியக்காரன் தெருவில் கூவிச் சொல்வதற்குப் பெயர் அது. நம் ஊர்த் தண்டோராவேதான்! தெய்வங்களுடையதற்கு நோமிமா என்று வேறு சொல். முன்னதற்குப் ‘பறையறிவிப்பு’, பின்னதற்கு ‘முறைமை’ என்று பிரித்ததும் வாதம் நிமிர்ந்து உட்கார்ந்தது. ‘எழுதப்படாத’ என்ற அடைமொழிக்கு ‘எழுதாக்கிளவி’ நாவில் வந்தது. அது வாசகரை நேராக வேதத்துக்குக் கொண்டுபோய்விடும், வேண்டாமென்று விட்டேன்.

நான்காம் வாரம் ‘நீ’யில் சிக்கினேன். கிரேக்கத்தில் முன்னிலைக்கு மரியாதை வடிவம் கிடையாது. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். “தாய்மாமனையா நீங்கிறா?” என்றார். உண்மைதான், கிரியோன் அவள் தாய் யொகாஸ்டாவின் தம்பி; அவன் மகன் ஹீமோன்தான் அவளுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை. ‘அக்காள் மகளே ஆனாலும் விடமாட்டேன்’ என்று 486ஆம் வரியில் அவனே சொல்கிறான். ‘நீங்கள்’ போட்டால் கெஞ்சுவதுபோல் ஒலிக்கிறது. ‘நீர்’ என்று வைத்தேன்: ‘நீரோ மனிதர். உம் பறையறிவிப்புக்கு, தெய்வங்களின் எழுதாத, அசையாத முறைமைகளைத் தாண்டிப்போகும் வலு இருப்பதாக நான் நினைக்கவில்லை.’

இதை ‘அரசா, மதமா’ என்று சுருக்கிப் படிப்பதை இனி என்னால் ஏற்க முடியாது. கிரியோனும் தெய்வங்களின் தலைவன் ஜீயஸைச் சாட்சிக்கு அழைக்கிறான். கோயில்களைக் கொளுத்த வந்தவனைத் தெய்வங்கள் மதிக்குமா என்று கேட்கிறான். அவனுக்குத் தெய்வம் நகரத்தைக் காப்பது. அவள் பேசுவதோ பாதாளத் தெய்வங்களோடு ஒரே வீட்டில் குடியிருக்கும் நீதியைப் பற்றி. செத்தவர்கள் அவர்களுக்குச் சேரவேண்டியவர்கள்.

21 வரியும் முடிந்தன. 511ஆம் வரியையும் சேர்த்துக்கொண்டேன், ‘ஒரு வயிற்றில் பிறந்தவர்களைப் போற்றுவதில் இழுக்கில்லை’ என்று. மூலத்திலும் குடல், வயிறு என்று பொருள்படும் சொல்தான்.

இப்போது 905க்குப் பிறகு வரும் பகுதியில் இருக்கிறேன். கணவனுக்காகவோ பிள்ளைக்காகவோ என்றால் தடையை மீறி அடக்கம் செய்திருக்கமாட்டேன், உடன்பிறந்தானுக்காகத்தான் செய்தேன் என்கிறாள். முன்பு பேசிய முறைமையோடு இது எப்படிப் பொருந்துகிறது என்று இரண்டு வாரமாக மல்லுக்கட்டுகிறேன். ஒரு வாக்கியம் மட்டும் அப்படியே தமிழில் வந்து உட்கார்ந்தது, வினைச்சொல்கூட மூலத்தில் உள்ளதுதான்: ‘தாயும் தந்தையும் பாதாளத்தில் மறைந்தபின், எனக்கு இன்னொரு உடன்பிறந்தான் முளைக்கப்போவதில்லை.’