காசிமேட்டுக் காற்றில் சாக்லேட் டெம்பரிங்

தோழிகள் நாலு பேர் சேர்ந்து ஒருநாள் சாக்லேட் வகுப்புக்குப் பேர் கொடுக்கும் முன் கேட்க வேண்டியது கட்டணத்தை அல்ல, 'காம்பவுண்டா, கூவெர்ச்சரா?' என்பதை. காம்பவுண்டில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு. உருக்கி மோல்டில் ஊற்றினால் தானே இறுகிவிடும். அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழிப்பது வீண். கூவெர்ச்சர் கொக்கோ வெண்ணெயே சேர்ந்த சாக்லேட். அதில்தான் டெம்பரிங், அதாவது அளவாகச் சூடேற்றி ஆற்றிப் பக்குவப்படுத்தும் வேலை, உண்டு. கடைசியில் செய்முறைத் தேர்வு வைத்தால் மதிப்பெண் போவதும் அதில்தான்.

அடுத்த கேள்வி, ஏசி உண்டா? அறை 20 முதல் 22 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடற்காற்றில் ஈரம் வேறு. மே மாதம், மொட்டைமாடிக்குக் கீழ் அறை, மின்விசிறி மட்டும் என்றால் பேசாமல் காம்பவுண்டே செய்துவிட்டு வாருங்கள்.

கொக்கோ வெண்ணெய் ஆறு விதமாகப் படிகமாகும். ஐந்தாவது வடிவம்தான் பளபளப்பும், 'டக்'கென்று உடைகிற தன்மையும் தரும். அது 34 டிகிரியை ஒட்டி உருகுவதால்தான் வாயில் போட்டதும் கரைகிறது. அந்த வடிவத்தை வரவழைப்பதே டெம்பரிங்.

டார்க் கூவெர்ச்சர் 300 கிராம் என்றால் 200 கிராமை உருக்குங்கள். 100 கிராமைப் பொடியாக நறுக்கித் தனியே வையுங்கள். டபுள் பாய்லரில் கீழே இரண்டு விரற்கடை தண்ணீர் போதும். மேல் பாத்திரத்தின் அடி தண்ணீரைத் தொடக்கூடாது, விளிம்பு வழியே ஆவியும் மேலே வரக்கூடாது. 45 டிகிரி தாண்டியதும் இறக்குங்கள். 50க்கு மேல் விடாதீர்கள். இறக்கின கையோடு பாத்திரத்தின் அடியைத் துணியால் துடைக்க வேண்டும். ஊற்றும்போது அங்கிருந்து ஒரு சொட்டு விழுந்தாலும் சர்க்கரைத் துகள்கள் ஈரம் பட்டு ஒட்டிக்கொள்ளும். சாக்லேட் கொழகொழப்பு போய்க் களி மாதிரி திரளும். அப்படித் திரண்டது மோல்டுக்கு ஆகாது. சூடான கிரீம் சேர்த்து கனாஷ் என்ற சாக்லேட்-கிரீம் கலவை ஆக்கிக்கொள்ளலாம். தண்ணீர் கலந்த ரோஸ் எசென்ஸ் ஊற்றினாலும் இதே கதிதான். எண்ணெயில் கரைந்த எசென்ஸே வேண்டும்.

நறுக்கியதை மூன்று தவணையாகப் போட்டுக் கிளறி 28 டிகிரிக்கு இறக்குங்கள். பிறகு சில நொடி மட்டும் சூடு காட்டி 31-32க்கு ஏற்றுங்கள். மில்க் என்றால் 29-30, வெள்ளை என்றால் 28-29. பேச்சு சுவாரசியத்தில் 34ஐத் தாண்டிவிட்டால் உருவான படிகமெல்லாம் கரைந்து போகும், மறுபடி 45இலிருந்துதான். அதனால் ஒருத்தி தெர்மாமீட்டரை விட்டு நகரக்கூடாது, ஒருத்தி கிளறுவதை நிறுத்தக்கூடாது. போட்டோ எடுப்பவள் மூன்றாவது ஆள்.

"ஆயிடுச்சுடி, ஊத்திடலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாமல், கத்தி முனையை முக்கி எடுத்து வையுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் கோடு இல்லாமல், விரலில் ஒட்டாமல் இறுகினால் சரி. மோல்டைப் பஞ்சால் துடைத்து, ஊற்றி, மேசையில் நாலு தட்டு தட்டுங்கள். காற்றுக் குமிழ் மேலே வரும். சரியாக டெம்பர் ஆனது இறுகும்போது சற்றுச் சுருங்கும், கவிழ்த்தால் தானே விழும். கத்தி போட்டு நெம்ப வேண்டியிருந்தால் தேர்வில் அது தேறாது.

வாய்மொழிக் கேள்வியில் வெள்ளைப் பூப்பு, அதாவது சாக்லேட்டின் மேல் படரும் வெள்ளைப் படலம், அடிக்கடி வரும். வறண்ட விரலால் தேய்த்ததும் வழுவழுப்பாக மறைந்தால் கொழுப்புப் பூப்பு: டெம்பரிங் பிழை, அல்லது வெயில் பட்டது. சொரசொரப்பாக இருந்து ஈர விரலுக்குக் கரைந்தால் சர்க்கரைப் பூப்பு: ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தபோது வியர்த்தது.

திரும்பும்போது பைக்கில் டிக்கியில் வைக்காதீர்கள். தண்டையார்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோவின் ஏசியே போதும். வீட்டில் ஃபிரிட்ஜில் வைத்தே ஆகவேண்டுமென்றால் காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். வெளியே எடுத்த டப்பாவை அறைச் சூட்டுக்கு வரும்வரை, ஒரு மணி நேரமாவது, யாரையும் திறக்க விடாதீர்கள்.